காம்பைக் கிள்ளிய குற்றம்

காரைக்குடியில் ஜப்பானிய மொழி சொல்லிக்கொடுப்பதுதான் என் பிழைப்பு என்று யாரிடமாவது சொன்னால், முதலில் சிரிப்பார்கள், அடுத்து விசா எத்தனை நாளில் வரும் என்று கேட்பார்கள். மொழியைப் பற்றி இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. டியூஷன் எடுப்பவர்கள், தையல் வகுப்பு நடத்துபவர்கள், டிரைவிங் ஸ்கூலில் பக்கத்து சீட்டில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் என்று இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

சென்னையில் ஒரு கார் உதிரிபாகக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டுக் கல்யாணமாகி இங்கே வந்தவள் நான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரியின் மாடியில் எங்கள் சென்டர். மாணவர்கள் என்னை 'சென்செய்' என்பார்கள். ஜப்பானில் ஆசிரியருக்கு அதுதான் மரியாதைச் சொல். மரியாதை சொல்லோடு சரி.

ஹாய் போதும்

எங்கள் டைரக்டர் இதற்கு முன் டிராவல்ஸ் நடத்தியவர். அவருக்குத் தெரிந்த ஒரே ஜப்பானியச் சொல் 'ஹாய்'. 'ஆமாம்' என்று அர்த்தம். வழக்கமாக ஜப்பானிலிருந்து முதியோர் இல்ல வேலைக்குத்தான் எங்களிடம் ஆள் கேட்பார்கள். இந்தத் தடவை ஒரு பூப்பண்ணை கேட்டது. கண்ணாடிக் கூடாரத்துக்குள் செவ்வந்தியும் லில்லியும் வளர்க்கிறவர்கள். வீடியோவில் நேர்காணல் வைப்போம், பூவின் உறுப்புகளைத் தொட்டுக் காட்டி ஜப்பானிய மொழியில் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

இதழுக்கு ஹனபிரா, மொட்டுக்கு ட்சுபொமி, காம்புக்கு குக்கி என்று தொடங்கிப் பதினைந்து சொற்களாவது மனதில் ஏற வேண்டும். டைரக்டரிடம் இரண்டு வாரம் கேட்டேன். மூன்று நாள் கொடுத்தார். மூன்று நாளில் வாயில் ஏறும், புத்தியில் ஏறாது என்றேன். அவர் செல்போனிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்:

"டீச்சர், அவுக என்ன கேட்டாலும் ஹாய்னு சொல்லச் சொல்லுங்க. தலைய மட்டும் நல்லாக் குனியச் சொல்லுங்க. பூவு என்ன, எந்திரிச்சு வந்து சாட்சி சொல்லவா போகுது?"

வெட்டாத செம்பருத்தி

நம் ஊரில் பள்ளிக்கூடம் போன எல்லோரும் செம்பருத்தியைப் படம் வரைந்து பாகம் குறித்தவர்கள்தான். அந்தத் தைரியத்தில் பாடத்தைத் தொடங்கினேன். புல்லி வட்டம், அல்லி வட்டம், மகரந்தத்தாள் வட்டம், சூலக வட்டம் என்று வகுப்பே பாட்டாகப் பாடியது. பாஸ்கர் என்று தாவரவியலில் பட்டம் வாங்கிய ஒருவர் இருந்தார். அவர் குரல்தான் எல்லோருக்கும் மேலே கேட்டது.

மறுநாள் என் வீட்டுச் சுவரோரச் செடியிலிருந்து நிஜச் செம்பருத்தியைப் பறித்துவந்து ஆளுக்கொன்று கொடுத்தேன். மகரந்தத்தாளைத் தொட்டுக் காட்டுங்கள் என்றேன். ஒருவர் இதழைத் தொட்டார், ஒருவர் பக்கத்து ஆளைப் பார்த்தார். பாஸ்கர் பூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணுக்கு முன்னால் அத்தனை நீளமாக நீட்டிக்கொண்டிருக்கிறது! எனக்கு வந்த ஆத்திரத்தில், இவருக்கு மார்க் போட்டவர்கள் எதிரே இருந்திருந்தால் வேலையே போனாலும் சரியென்று நாலு வார்த்தை கேட்டிருப்பேன். பாஸ்கர் கொஞ்சமும் சங்கடப்படாமல் பூவை என்னிடமே நீட்டினார்:

"சென்செய், புஸ்தகத்துல உள்ளது நெடுக்கா வெட்டுன பூவு. இத வெட்டாமக் குடுத்துட்டுக் கேட்டா எப்புடி?"

மாமனார் வந்தார்

வகுப்பில் இந்த வேலையை உயிராக நினைத்தவள் ஸ்டெல்லா. நாச்சியாபுரம் பக்கம். கணவன் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்த பிறகு வேலைக்குப் போக முடியவில்லை. வீட்டில் சம்பாதிக்கக்கூடியவள் இனி இவள்தான். முதியோர் இல்ல வேலைக்கு இரண்டு முறை நேர்காணலில் உட்கார்ந்து, பயத்தில் வாயடைத்துப்போய்த் திரும்பியவள். இந்தத் தடவை அவளுக்குப் பயமில்லை. வீட்டுத் தோட்டத்தில் விடியற்காலை செவ்வந்தி பறித்துப் போட்டுவிட்டுத்தான் தினமும் டவுன் பஸ் ஏறுகிறாள். பூவை எனக்குத் தெரியும் சென்செய், பூவுக்கு முன்னால் எனக்கு நாக்கு ஒட்டாது என்பாள்.

வீட்டில் சமைத்துக்கொண்டே ஒஷிபே, மெஷிபே என்று சொல்லிப் பார்த்திருக்கிறாள். மகள் அர்த்தம் கேட்க, பூவிலுள்ள ஆண் பகுதி, பெண் பகுதி என்று சொல்லியிருக்கிறாள். அது மாமனார் காதில் விழுந்துவிட்டது. மறுநாள் காலை மாடியேறி வந்து வகுப்பு வாசலில் நின்றார். ஆம்பளையும் பொம்பளையும் சேர்ந்து உட்காரும் வகுப்பில் இதென்ன பாடம் என்றார். லில்லியை விற்பதற்கு முன் மகரந்தம் பட்டு உடுப்பில் கறை படியாமலிருக்க அந்த ஆண் பகுதியை எடுத்துவிடுவார்கள், அதற்குத்தான் இந்தச் சொல் என்று பொறுமையாகச் சொன்னேன். என்னிடமிருந்த பொறுமை முழுவதும் அதில் தீர்ந்தது. அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்:

"அங்குட்டுப் போயி பூவுல ஆம்பளையப் பிடுங்கிப் போடுறதுதான் வேலையாக்கும்? இதுக்கா நாங்க பாஸ்போர்ட் எடுத்தோம்?"

நெட்டு போன நேரம்

நேர்காணலுக்கு நர்சரியிலிருந்து செவ்வந்தியைத் தொட்டியோடு வாங்கி வந்தேன். திரையில் பண்ணைக்காரப் பெரியவர், தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. இன்னொரு கட்டத்தில் சென்னையிலிருந்து மொழிபெயர்க்கும் ஒரு பெண். மாமனாரை எப்படியோ சமாதானப்படுத்திவிட்டு வந்திருந்த ஸ்டெல்லா பிரமாதமாகச் செய்தாள். பெரியவர் மாற்றி மாற்றிக் கேட்டார், இவள் ஒன்றுகூடத் தவறாமல் தொட்டுச் சொன்னாள்.

கடைசியாக, இந்தப் பூக்களைக் கடைக்கு அனுப்பத் தயார் செய்யுங்கள் என்றார். ஸ்டெல்லாவின் இரண்டு கையும் செடிக்குப் போயின. கண்மூடித் திறப்பதற்குள் தலை தலையாகக் கிள்ளி மேஜையில் குவித்துவிட்டாள். நம் ஊரில் செவ்வந்தி எடைக்குப் போகிறது, காம்பு நீண்டிருந்தால் வியாபாரி திட்டுவார். அங்கே நீளக் காம்போடு வெட்டினால்தான் அது பூ. வகுப்பில் இதைப் பலமுறை சொல்லியிருந்தேன், அவளும் தலையாட்டியிருந்தாள். தினசரி செய்கிற கை கேட்கவில்லை.

பெரியவர் கண்ணை அகலத் திறந்து கேமராவுக்குப் பக்கத்தில் வந்தார். ஏதோ கேட்க விரலை உயர்த்தினார். ஸ்டெல்லாவுக்கும் தவறு புரிந்துவிட்டது. சுமிமாசென், மன்னியுங்கள் என்று ஜப்பானிய மொழியில் தொடங்கி, விளக்கம் சொல்ல வாயைத் திறந்தாள். பக்கவாட்டிலிருந்து டைரக்டரின் கை வந்தது. லேப்டாப் பட்டென்று மூடியது.

"நெட்டு போயிருச்சுன்னு சொல்லிருவோம். நம்ம மானம் போறதுக்கு நெட்டு போறது தேவல டீச்சர்."

சென்னையிலிருந்து போன்

ஸ்டெல்லா அன்று கிள்ளிய பூவையெல்லாம் பையில் அள்ளிக்கொண்டு பஸ் ஏறினாள். அடுத்த வாரம் அந்த மொழிபெயர்ப்பாளர் என்னைக் கூப்பிட்டார், எதற்கோ சங்கடப்பட்டுக்கொண்டே பேசினார்:

"அந்தப் பெரியவர் திரும்பத் திரும்ப அவங்களத்தான் கேட்டார் மேடம். பெரிய பூ வர்றதுக்காகப் பக்க மொட்டையெல்லாம் கையாலதான் கிள்ளுவாங்களாம், அதுக்கு இப்படி ஒரு கை வேணும், காம்பை விட்டு வெட்ட ஒரே நாள்ல பழக்கிடலாம்னார். ஆனா உங்க டைரக்டர், அவங்களுக்கு உடம்பு முடியல, விலகிட்டாங்கன்னு மெயில் போட்டிருக்கார். வேற ஊர்ல ஆள் எடுத்துட்டாங்க."

அடுத்த பாடம்

டைரக்டர் அறையில் நான் போட்ட சத்தத்தில் கீழே பேக்கரி மாஸ்டர் மாவுக் கையோடு மாடிக்கு வந்துவிட்டார். எனக்கு இன்றுவரை அந்தக் கோபம் ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். ஸ்டெல்லாவை வரச்சொல்லி, நடந்ததை டைரக்டர் முன்னாலேயே சொன்னேன். அவள் கேட்டு முடித்துவிட்டு அவரைப் பார்த்தாள். "நான் பேசத்தான வாயத் தொறந்தேன், நீக எதுக்கு மூடுனீக?" என்றாள். டைரக்டர் செல்போனைத் தேடி எடுத்தார். அடுத்த மாதம் மீன் பதப்படுத்தும் கம்பெனி வருகிறது, அதில் இவளுக்குத்தான் முதல் இடம் என்று முனகினார்.

அவள் வகுப்புக்குள் போய், முகத்தைத் துப்பட்டாவில் அழுத்தித் துடைத்துவிட்டு முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் போர்டிலிருந்த பூவின் பெயர்களை அழிக்கத் தொடங்கினேன்.

"மீனுக்கு எத்தன உறுப்பு சென்செய்? எல்லாத்தையும் படிச்சுர்றேன். லேப்டாப்ப மட்டும் இந்தத் தடவ என் மடியில வைங்க."

ஆக, எங்கள் தொழிலில் ஒருவர் வாயைத் திறக்க ஆறு மாதம் ஆகிறது, அதை அடைக்க ஒரு லேப்டாப்பை மூடினால் போதும்.