அப்பா தள்ளாடிய நாள்

எங்கள் ஜில்லாவில் சர்க்கார் கள்ளுக்கடைகளை மூடிய காலத்தில்தான் சித்தப்பா தள்ளாட ஆரம்பித்தார். ஊரெல்லாம் கள் ஓடியபோது நிமிர்ந்து நடந்த மனிதர், சொட்டுக் கள் கிடைக்காதபோது தள்ளாடினால் ஊர் என்ன நினைக்கும்? திருட்டுக் கள் என்றுதான் நினைத்தது. போதாக்குறைக்கு எங்கள் காட்டு வரப்பு நெடுகப் பனைமரங்கள். பனைமரத்தடியில் பாலைக் குடித்தாலும் கள் என்பார்கள். சித்தப்பா பாலைக்கூடக் குடிக்கவில்லை, பாவம்.

கிணற்று மேட்டில் மாடு கட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பார். திடீரென்று கயிற்றைப் பிடித்தபடி உட்கார்ந்துவிடுவார். வாந்தி எடுப்பார். "கெணறே சுத்துதுங்கண்ணா" என்பார். அப்பா வந்து அவர் வாயை முகர்ந்து பார்ப்பார். வாடை இல்லாததும் குற்றமாகத்தான் முடிந்தது. "வாடை தெரியக்கூடாதுன்னு வெத்தலை போட்டிருக்கறான்" என்பார்.

அப்போது சித்தப்பாவுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சின்னம்மாவின் அண்ணன் திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். கருப்பனார் கோயிலில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தால் தங்கையை விட்டுப் போவதாகவும், இல்லையென்றால் கையோடு கூட்டிப் போவதாகவும் சொன்னார். சித்தப்பா சந்தோஷமாக ஒப்புக்கொண்டார். மடியில் கனமில்லாதவருக்கு என்ன பயம்? எரிகிற சூடத்தைக் குனிந்து ஒரே அடியில் அணைத்தார். "நான் குடிச்சிருந்தாச் சாமி கேக்கட்டும்" என்று சொல்லி வெடுக்கென்று நிமிர்ந்தார். நிமிர்ந்தவர் அப்படியே சுழன்று சாமி முன்னாலேயே விழுந்தார்.

சாமி கேட்டுவிட்டது என்று ஊர் முடிவு செய்தது. சின்னம்மா வண்டியில் ஏறினாள். வண்டி கண்ணுக்கு மறைகிறவரை திரும்பித் திரும்பிப் பார்த்தாள். சித்தப்பா எழுந்திருக்க முடியாமல் தரையைப் பிடித்துக்கொண்டு கிடந்தார். ஊருக்கெல்லாம் நியாயம் சொல்கிற என் அப்பா, தம்பியைத் தூக்கிவிடாமல் வீட்டுக்கு நடந்துவிட்டார்.

அந்தச் சமயம் எனக்குக் காதில் சீழ் வடிந்துகொண்டிருந்தது. கைவைத்தியத்துக்கு அடங்கவில்லை. மதராசில் படித்துவிட்டு வந்த காது டாக்டர் ஒருவர் சேலத்தில் இருந்தார். அப்பா என்னை அவரிடம் கூட்டிப்போனார். தனியே விட்டால் பனைமரத்தடிக்குப் போய்விடுவார் என்று சித்தப்பாவையும் கூடவே இழுத்துக்கொண்டார். டாக்டர் என் காதைத் துடைத்து மருந்து விட்டுக்கொண்டிருக்கும்போதே, பெஞ்சியை விட்டு எழுந்த சித்தப்பா சுவரோடு சரிந்தார்.

"அவன உடுங்க டாக்டரய்யா. அது கள்ளுச் சமாச்சாரமுங்க" என்றார் அப்பா.

டாக்டர் அதைச் சட்டை செய்யாமல் சித்தப்பாவிடம், காதில் இரைச்சல் கேட்கிறதா, ஒரு காது மந்தமாக இருக்கிறதா என்று விசாரித்தார்.

"வலது காதுல ரைஸ்மில்லு ஓடறாப்பல எரையுதுங்க. சொன்னா யாருங்க நம்பறாங்க?" என்றார் சித்தப்பா. எங்களிடம் அவர் அதைச் சொன்னதேயில்லை. நாங்கள் கேட்டிருந்தால்தானே?

டாக்டர் அப்பாவைப் பார்த்தார். "நீங்கள் குடிப்பதுண்டா?"

"சிவ சிவா! மோந்துகூடப் பாத்ததில்லீங்க."

"ரொம்ப நல்லது, இப்படி உட்காருங்கள்" என்று அப்பாவை நாற்காலியில் சாய்த்து, பீச்சாங்குழல் மாதிரி ஒன்றால் அவர் காதுக்குள் குளிர்ந்த தண்ணீரை விட்டார். கொஞ்ச நேரத்தில் அப்பாவின் கருவிழிகள் ஒரு பக்கமாக ஓடி ஓடித் திரும்பின. எழுந்து நிற்கச் சொன்னார். எழுந்த அப்பா காற்றைப் பிடிக்கப் பார்த்தார், தவறி டாக்டர் மேலேயே சாய்ந்தார், "அம்மிணி, என்னையப் புடி!" என்று என்னைக் கூப்பிட்டார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அதே தண்ணீரைச் சித்தப்பாவின் வலது காதில் விட்டபோது அவர் கண்கள் அசையவேயில்லை.

காதுக்குள்ளே, ஓசை கேட்கிற இடத்தை ஒட்டி, உடம்பை நிலையாக நிறுத்துகிற இடம் ஒன்று உண்டாம். அங்கிருந்து ஒரு நரம்பு மூளைக்குச் சேதி கொண்டுபோகுமாம். குளிர்ந்த தண்ணீர் பட்டால் நல்ல காதில் அந்த இடம் கொஞ்ச நேரம் கலங்கிவிடும், சித்தப்பாவின் வலது காதில் அது கெட்டுப்போனதால்தான் கண் அசையவில்லையாம். அந்த இடம் கெட்டுப்போனால் சும்மா நிற்கிறவனும் சுழல்வதாகப் பொய்ச் சேதி போகும், அதற்குக் கள் வேண்டியதில்லை என்றார் டாக்டர். ஒரு புட்டி மருந்து கொடுத்தார். சாப்பாட்டில் உப்பே கூடாது, கிணற்று மேட்டுக்குத் தனியே போகக்கூடாது என்று கண்டித்துச் சொன்னார். அடியோடு போய்விடும் என்று சொல்லவில்லை, குறையும் என்றார்.

பஸ்ஸுக்கு நடக்கும்போது அப்பா சித்தப்பாவின் கையைப் பிடித்திருந்தார். யார் யாரைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள் என்று சொல்வது கஷ்டம்.

மறுநாளே அப்பா திருச்செங்கோட்டுப் பக்கம் போனார். சம்பந்தி வீட்டு வாசலில் நாலு பேர் நடுவே நின்று, தான் தள்ளாடிய கதையைத் தானே சொல்லி, நடந்தும் காட்டினாராம். யாரும் தன்னைப் பார்த்துச் சிரித்துவிடக்கூடாது என்றே வாழ்ந்த மனிதர் அவர். சின்னம்மாவின் அண்ணன் முதலில் விழுந்து விழுந்து சிரித்தாராம். அப்புறம் உள்ளே போய்த் தங்கையைக் கூப்பிட்டாராம்.

வந்த அன்றைக்கே சின்னம்மா சித்தப்பாவுக்கு உப்பில்லாமல் தனியாகச் சமைத்தாள். அவர் சாப்பிட்டு எழுந்ததும், எங்கள் குழம்பை ஒதுக்கிவிட்டு, அதே சட்டியிலிருந்து தனக்கும் ஊற்றிக்கொண்டாள். சாப்பிடச் சாப்பிட அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று கேட்டு வளர்ந்தவள் நான். விழுங்க முடியாமல் அழுகிறாள் என்று இரக்கப்பட்டு, ஒரு கை உப்பை அள்ளிக்கொண்டு போய் அவள் தட்டோரம் வைத்தேன்.

"வேண்டாஞ் சாமி" என்று அதை ஒதுக்கிவிட்டு, சின்னம்மா அழுதுகொண்டே ஒரு பருக்கை மிச்சமில்லாமல் சாப்பிட்டு முடித்தாள். உப்பும் வேண்டாம் என்கிறாள், அழுகையையும் நிறுத்தமாட்டேன் என்கிறாள். இவளுக்கு என்னதான் வேண்டும் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.