அண்ணன் காட்டிய நீலச் சோபா

என் அண்ணன்மீது எனக்குப் பொறாமை. இதில் மூடி மறைக்க என்ன இருக்கிறது? பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டில் பெண் எடுத்துப் பாரிசுக்குப் போனவன் அவன். உழவர்கரை வீட்டில் அம்மாவோடு இருந்து, ஜன்னலோரம் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவள் நான். ஆனால் அம்மாவின் வாயில் எந்நேரமும் 'பெரியவன்'தான்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, சர்ச்சில் பூசை முடிந்து நாங்கள் வீட்டுக்கு வந்ததும் அண்ணன் வீடியோவில் வந்தான்.

"அம்மா, ஒனக்கு ஒரு சோபா பாத்திருக்கேன். பாப்பா, லிங்க் அனுப்பறேன். அத அமுக்கிட்டு, கேமராவ தரைக்குக் காட்டி மெதுவா சுத்து."

சுற்றினேன். போன் திரையில் எங்கள் வீட்டு ஜன்னலோரம் நீலச் சோபா ஒன்று வந்து நின்றது. என் மிஷின் மேலேயே ஏறி உட்கார்ந்திருந்தது. சுற்றி நடந்தால் அதன் முதுகுகூடத் தெரிந்தது. போனை இறக்கினால் ஒன்றுமில்லை, வெறும் தரை, என் மிஷின்.

"இதுதான் ஆக்மென்டட் ரியாலிட்டி" என்றான். "கண்ண மூடி வேற ஒலகத்த காட்டறது இல்ல. ஒங்க வூடு அப்படியே இருக்கும். கேமரா தரைய கண்டுபுடிச்சி, இல்லாத பொருள சரியான அளவுல அங்க நிக்க வெச்சுக் காட்டும். எடத்துக்குப் பொருந்துதான்னு பாக்கலாம்."

அம்மாவுக்கு முகமெல்லாம் பல். "மிஷினு இடிக்குதுடி. அப்பால தூக்கிப் போடு."

"இல்லாத சோபாவுக்கு இருக்கற மிஷின தூக்கணுமா?"

"பெரியவன் ஆசையா குடுக்கறான். ஒனக்கு ஏன் வயிறு எரியுது?"

எரிந்தது, நன்றாகவே எரிந்தது. மிஷினைச் சமையலறைப் பக்கம் இழுத்துப் போட்டேன். அங்கே வெளிச்சமே கிடையாது. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் போட்டுத் தைத்துக் கண்ணெல்லாம் வலி.

சோபா வரவில்லை. ஆனால் அம்மா தினமும் அந்த வெற்றிடத்தைத் துடைத்தாள். தைக்கக் கொடுக்க வந்தவர்கள் அங்கே பையை வைத்தால், "அங்க வெக்காதம்மா, சோபா எடம்" என்றாள். அவளே சுவரோரமாகச் சுற்றித்தான் போனாள். ஆண்டவரே, இதையெல்லாம் பார்க்க வேண்டுமா! நான் வாங்கிக் கொடுத்த நாற்காலியில் ஈரத்துணி காய்ந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டம்மா வந்தால், "அண்ணன் சோபாவ காட்டுடி" என்று அம்மா போனை என்னிடம் நீட்டுவாள். காட்டுவேன். பாழாய்ப் போனது, அழகாக வேறு இருந்தது.

கிறிஸ்துமஸ் நெருங்கியபோது, அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வீடியோவில் அவனிடம் கேட்டேன். "ஏண்ணா, சோபா எப்ப வரும்?"

"எந்த சோபா?" என்றான். "ஓ, அதுவா! இப்படி ஒண்ணு புதுசா வந்திருக்குதேன்னு சும்மா காட்டுனேன். அந்தக் கட இந்தியாவுக்கெல்லாம் அனுப்பாது."

என் நெஞ்சுக்குள் சரவெடி. "மெர்சி, பா" என்று அம்மா பிரெஞ்சில் நன்றி சொல்லிப் போனை என்னிடம் கொடுத்தாள்.

சாயங்காலம் என் பின்னால் வந்து நின்றாள். "மிஷின பழைய எடத்துலயே போடு. இருட்டுல ஒனக்குக் கண்ணு கெட்டுடும்."

கவனித்திருக்கிறாள்! ஒரே மூச்சில் ஜன்னலடிக்கு இழுத்துக்கொண்டு போனேன். அம்மா கூடவே வந்து மிஷின்மேல் கை வைத்தாள்.

"கொஞ்சம் ஓரமா தள்ளிப் போடுடி. அவன் வந்தா எங்க உக்காருவான்?"