எறும்பு கடிக்காத நாள்

எங்கள் குழந்தைகள் காப்பகத்தில் இரண்டு வயது அறைக்குப் பொறுப்பான டீச்சருக்கு ஜோசியக்கா என்று பெயர் வைத்தது நான்தான். அதே அறையில் நான் உதவியாள். ஒரு பிள்ளை உதட்டைப் பிதுக்குவதற்குள் அதற்குத் தாகமா, தூக்கமா, ஜட்டி நனைந்துவிட்டதா என்று அக்கா கண்டுபிடித்துவிடுவார். கேட்காமலே டம்ளர் வந்துவிடும். பெற்றோர் மெச்சுவார்கள், அந்தப் பேரில் அக்காவுக்கும் கொஞ்சம் பெருமைதான்.

அந்த அறைக்குத்தான் எறும்பு என்று நான் பெயர் வைத்த பிள்ளை வந்து சேர்ந்தாள். ஆள் பொடி, கடித்தால் சுருக்கென்று இருக்கும். பேச்சு வரவில்லை. அவள் வைத்திருக்கும் பொம்மையை யாராவது தொட்டால் பல் பதியும். தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் அவள் அம்மாவோ வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவள். மகள் இரண்டு பேருக்கும் சேர்த்துக் கடித்தாள்.

தொப்பை என்று நாங்கள் செல்லமாகக் கூப்பிடும் பையனின் கன்னத்தில் பல் தடம் விழுந்த அன்று, அவன் அப்பா வாசலில் நின்று கத்தினார். இன்னொரு கடி விழுந்தால் வேறு இடம் பார்த்துக்கொள்ளும்படி மேலாளரம்மா எறும்பின் அம்மாவிடம் சொல்லிவிட்டார். வேறு இடம் எங்கே இருக்கிறது? அக்கம்பக்கத்துக் காப்பகங்கள் ஏற்கெனவே கைவிரித்துவிட்டன. பிள்ளையை விட இடமில்லையென்றால் வேலை போய்விடும். சாயங்காலம் கூட்டிப்போக வரும்போதெல்லாம், செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் கேட்பது ஒன்றுதான்: "இன்னிக்கு யாரையாவது கடிச்சாளா?"

ஜோசியக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காவல் காத்தார். எறும்பு வாயைத் திறக்கும் முன்பே அவர் கை குறுக்கே போய்விடும். பிடுங்கிய பிள்ளையிடமிருந்து பொம்மையை வாங்கி இவளிடமே கொடுத்துவிடுவார். கடி நின்றது. எல்லோருக்கும் நிம்மதி, எனக்கு மட்டும் எரிச்சல். பிள்ளைகள் தூங்கிய ஒரு மதியம், போர்வையை மடித்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"அவ கேக்கறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் குடுத்துடறீங்கக்கா. அப்புறம் அவ எதுக்குப் பேசணும்? வாய் இருக்கறதே கடிக்கத்தான்னு நெனச்சுக்கிட்டா."

அக்கா என் கையிலிருந்த போர்வையை வாங்கித் தாமே மடித்தார். அன்று முழுக்க என்னோடு பேசவில்லை. பேசாவிட்டால் போகட்டும் என்றுதான் இருந்தேன், ஆனாலும் உள்ளே உறுத்தியது.

மறுநாள் எறும்பு டம்ளரைக் காட்டி முனகியபோது அக்கா நகரவில்லை. "தா" என்று தாமே மெதுவாகச் சொல்லிக் காட்டிவிட்டுக் காத்திருந்தார். எறும்பு தரையில் புரண்டு அலறினாள். கூடவே மற்ற பிள்ளைகளும் ஆரம்பித்தார்கள். அக்கா தம் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்திருந்தார். இல்லாவிட்டால் கை தானாக ஓடிவிடுமாம். ஒருவழியாக "தா" வந்தது. அப்புறம் ஒவ்வொரு பொம்மைக்கும் நெஞ்சைத் தட்டி "என்னுது" என்று சொல்லிக் கொடுத்தார். அது மட்டும் வருவேனா என்றது.

அந்த வாரக் கடைசியில் தொப்பையின் அப்பா சீக்கிரமே வந்துவிட்டார். மேலாளரம்மாவும் அவரும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே பேசிக்கொண்டிருந்தார்கள். சொல்லி வைத்தாற்போல், எறும்பின் சிவப்பு வாளியைத் தொப்பை அப்போதுதான் பிடுங்கினான். எறும்பு வாயைத் திறந்து அவன் கைமேல் குனிந்தாள்.

நான் பாதி எழுந்துவிட்டேன். வேண்டாம் என்று அக்கா தலையசைத்தார். எட்டிப் பிடிக்கும் தூரத்தில்தான் இருந்தார், கைகள் மட்டும் தொடைக்கடியில். ஒரு பல் பட்டால் ஒருத்தியின் பிழைப்பு போய்விடும், இந்த மனுஷிக்கு என்ன பைத்தியமா என்று கோபம் வந்தது. ஆரம்பித்து வைத்தவள் நான்தான் என்ற நினைப்பு அதைவிடப் பயமாக இருந்தது. கதவுக்கு வெளியே பேச்சு நின்றது. எறும்பின் எச்சில் தொப்பையின் கையில் வழிந்தது. திறந்த வாய் அப்படியே நின்றது.

"என்னுது," என்றாள் எறும்பு.

தொப்பை வாளியை விடவில்லை. அவளும் விடவில்லை. இரண்டு பேரும் இழுத்துப் பிடித்துக்கொண்டு ஊரைக் கூட்டி அழுதார்கள். வெறும் அழுகைதான். தொப்பையின் அப்பா உள்ளே வந்து மகன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், எச்சிலைத் துடைத்தார், தூக்கிக்கொண்டு போனார். "அவ இருக்கட்டும்," என்றார் மேலாளரம்மா. அக்கா கைகளை வெளியே எடுத்தபோது, தரைவிரிப்பின் கட்டங்கள் அவற்றில் சிவப்பாகப் பதிந்திருந்தன.

அன்று சாயங்காலம் எறும்பின் அம்மா வந்து வழக்கமான கேள்வியைக் கேட்டாள். பதில் சொல்ல அக்கா வாயெடுத்தார், உடனே மூடிக்கொண்டார். எனக்கு நாக்கு துறுதுறுத்தது. நானும் அடக்கிக்கொண்டேன்.

எறும்பு அம்மாவை அண்ணாந்து பார்த்தாள். "கடி இல்ல."

அம்மா செருப்புக் காலோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "இன்னொரு தடவ சொல்லுடி," என்றாள்.