தீவுப் பல்லியின் வெள்ளிக்கிழமை

உடைந்த தோணிப் பலகையொன்றில் இரண்டு முட்டைகள் ஒன்றையொன்று தொட்டபடி ஒட்டியிருந்தன. சுண்டுவிரல் நகத்தளவுதான், சுண்ணாம்பு வெண்மை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் கோயமுத்தூர்க் கல்லூரியொன்றின் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில், வலைத்துணி கட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தப் பலகை கிடந்தது. பட்டம் பெற்ற கையோடு அங்கே துணை ஆசிரியனாகச் சேர்ந்திருந்தேன்.

இராமேசுவரத்துக்கு அப்பால் ஆளில்லாத தீவொன்றிலிருந்து சினைப்பல்லி ஒன்றைப் பேராசிரியர் கொண்டுவந்திருந்தார். அது எங்கள் கண்முன்னே முட்டையிட்டது. தாயே குஞ்சைத் தின்றுவிடும் என்பதால் அதை அகற்றிவிட்டோம். நீந்தத் தெரியாத பிராணி கடல் நடுவே எப்படிக் குடியேறியது? மிதக்கும் மரத்தில் ஒட்டிய முட்டைகள் உப்புநீரைத் தாங்கிக் கரை சேர்ந்து பொரிந்திருக்கும் என்பது அவர் கருத்து. எத்தனை நாள் தாங்கும் என்பதே கேள்வி. தினமும் இருவேளை உப்புநீர் தெளித்து, பார்த்ததைப் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடுவது என் பொறுப்பு. கட்டுரையில் என் பெயரும் வருவதாயிருந்தது.

மாலையில் கூடத்தைப் பூட்டிச் சாவி வைத்திருப்பவர் ஆய்வுக்கூட அட்டெண்டர். இக்குறிப்பு அவரைப் பற்றியது.

ஒரு வியாழக்கிழமை மாலை, பல்லடம் பக்கத்திலிருந்த எங்கள் தோட்டத்து வீட்டுக்குப் புறப்பட்டேன். பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் வலைத்துணியின் முடிச்சை எப்படிப் போட்டேன் என்பது நினைவில் இல்லை. மறுநாள் காலை கல்லூரிக்குத் திரும்ப வாசல் இறங்கியபோது சுவரிலிருந்து கவுளி சொன்னது. "கவுளி சொல்லிப்போடுச்சு கண்ணு, இன்னைக்குப் போவ வேண்டாம்" என்று அம்மா வழிமறித்தார். பல்லியை ஆராயும் பட்டதாரி, பல்லி சொன்னதற்காக வீட்டில் தங்கினேன்.

சனிக்கிழமை கூடத்தில் நுழைந்ததும், "நேத்து ஏனுங்க சார் வரலே?" என்றார் அட்டெண்டர். எதிர்பாராத கேள்வி, உண்மை வாய்தவறி வந்துவிட்டது. அவர் குலுங்கிச் சிரித்தார். "கவுளிக்கே பாடஞ் சொல்றவுங்க நீங்க! அது ஒரு சொல்லுச் சொன்னதும் ஊட்டுலயே உக்காந்துபோட்டீங்களாக்கும்!"

எனக்கு முகம் சிவந்தது. வெளியே சொல்லக்கூடாது என்று கடுமையாகச் சொன்னேன். "நான் எதுக்குங்க சொல்றேன்?" என்றார். அவர் பார்த்துக்கொண்டிருக்கவே வெள்ளிக்கிழமைக் கட்டத்தில் மையால் எழுதினேன்: முட்டைகள் இரண்டும் முழுமை, வலை இறுக்கம். பெட்டியை அதன் பிறகே திறந்தேன்.

இரண்டு ஓடுகளும் காலி. பலகைக்கு அடியில் ஒரு குஞ்சு மட்டும், பிறந்த தோலை ஏற்கெனவே உரித்துவிட்டிருந்தது; பொரிந்து வெகுநேரம் ஆகியிருக்கும். மற்றொன்றைக் காணோம். வலையின் ஒரு முனை தளர்ந்து தொங்கியது.

சற்று நேரத்தில் வந்த பேராசிரியர் பதிவேட்டைப் படித்தார். வெள்ளி மாலை வரை எல்லாம் சரி என்று என் கையெழுத்து சொன்னது. அவர் அட்டெண்டர் பக்கம் திரும்பினார்.

"நேத்து சாயங்காலம் பூட்டினது நீதானே?"

"நாந்தானுங்க."

"அப்ப வலையை அவிழ்த்தது யாரு?"

அட்டெண்டர் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "இவர் நேற்று வரவேயில்லை" என்ற ஒரு வார்த்தை அவருடைய வேலையைக் காப்பாற்றியிருக்கும். அதை விழுங்கிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்.

"நாளையிலிருந்து வர வேண்டாம். சாவியை வச்சிட்டுப் போ."

இடுப்புக் கயிற்றிலிருந்து சாவியை அவிழ்க்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது. சாவி மேசைமேல் பட்ட ஓசை கேட்ட பிறகே என் குரல் எழுந்தது.

"நேற்று நான் வரவில்லை, சார். பதிவு பொய். முடிச்சும் வியாழக்கிழமை நான் போட்டது."

"ஏன் வரவில்லை?"

அவ்வளவு தூரம் வந்தவன் அங்கே நின்றுவிட்டேன். "காய்ச்சல்" என்றேன்.

பேராசிரியர் பதிவேட்டை மூடினார். சாவியை அட்டெண்டர் பக்கம் தள்ளினார். முட்டை பொரிந்த நாள் உறுதியில்லை என்ற குறிப்போடு கட்டுரை வெளிவந்தது. என் பெயர் அதில் இல்லை.

அட்டெண்டர் அதன்பின் பல ஆண்டுகள் வேலை பார்த்தார். கவுளிக் கதையை ஒருவரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஓய்வு பெறும் வரை, பிறர் சூழ நான் மிடுக்காக நடந்து வரும் வேளையாகப் பார்த்து, முகத்தில் ஒரு சுருக்கமும் மாறாமல் கேட்பார்: "காய்ச்சல் தேவலீங்களா சார்?"

தேவலை என்று ஒவ்வொரு முறையும் பதில் சொல்லியிருக்கிறேன். இன்று கேட்பதற்கு அவர் இல்லை. அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை.