பாப்பாத்தி தட்டியபோது

தோழிகளே, இதை யாரிடமும் காட்டாதீர்கள். அப்பா என்னைக் கொன்றுவிடுவார்.

நட்பே குற்றமாகிவிட்ட நகரத்தைப் பற்றி ஒரு நாவல் படித்தோமே, நினைவிருக்கிறதா? அதில் ஒருத்தி பயந்துபோய்த் தன் தோழிக்குக் கதவைத் திறக்கமாட்டாள். அவளை எவ்வளவு திட்டினேன்!

தோட்டத்தை நடத்தும் துரையை எதிர்த்துப் பேசியதற்காக நம் பாப்பாத்தியின் அப்பாவைக் காஹாங் தோட்டத்தைவிட்டே துரத்திவிட்டார்கள். அந்தக் குடும்பத்தோடு பேசக்கூடாது என்று துரையிடம் கணக்கெழுதும் கிராணியான என் அப்பா சொல்லிவிட்டார்.

இன்று மாலை அவள் வந்து கதவைத் தட்டினாள்.

"அமுதா, விடிஞ்சதும் போறோம்டி. ஒருவாட்டி மூஞ்சியக் காட்டு."

நான் கதவைத் திறக்கவில்லை.

"அட, அலமாக்! நாவல்ல வந்தவள அந்தத் திட்டு திட்டுனியேடி!" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. போய்விட்டாள்.

நீங்களாவது திறந்திருப்பீர்களா? சொல்லுங்கள்.

யாரோ தட்டுகிறார்கள். அவளாக இருந்தால் இந்தமுறை—