ரீஸ்டார்ட் செய்யாத பதினோரு நாட்கள்

சென்ற ஆண்டு ஓணத்தை ஒட்டி, திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில் நான் வேலை பார்க்கும் சின்ன அலுவலகத்தில் நடந்தது இது. எனக்குச் சொந்த ஊர் நாகர்கோவில். மனநல ஆலோசனை மையம் ஒன்றின் இணையதளத்தை நாங்கள்தான் கவனித்துக்கொள்கிறோம். வெளியிலிருந்து வருவதெல்லாம் முதலில் ஒரு ப்ராக்ஸி சர்வரைத் தாண்டித்தான் உள்ளே போகும், வாசலில் நிற்கும் செக்யூரிட்டி மாதிரி. அந்த மென்பொருளில் ஓட்டை இருக்கிறது, ஒருவர் எழுதி அனுப்புவதில் ஒரு துண்டு யாரோ முன்பின் தெரியாதவர் கைக்குப் போய்விடலாம், உடனே சரிசெய்யுங்கள் என்று எச்சரிக்கை வந்தது.

அன்றைக்கே புதிய பதிப்பை ஏற்றிவிட்டேன். ஆனால் ரீஸ்டார்ட் செய்தால்தான் அது வேலைக்கு வரும். அதுவரை ஓடுவது பழையதுதான். தளத்தில் சாட் வழியே ஆலோசனை நடக்கிற நேரம், பாதியில் அறுந்துவிடுமே, மதியம் செய்யலாம் என்று விட்டேன். மதியம் அலுவலகத்தில் ஓண விருந்து. இலை போட்டுச் சாப்பிட்டு, இரண்டு பாயசம் குடித்து, போட்டோ எடுத்து... சுத்தமாக மறந்துபோனேன். வேலை முடிந்ததாக அறிக்கை வேறு அனுப்பிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறினேன். என்ன புத்தியோ!

ஊரிலிருந்து திரும்பி வந்து வேலையில் இருந்த பதினோராம் நாள், பக்கத்து இருக்கைச் சேச்சி என் திரையைப் பார்த்து, "மோளே, இத நீ ரீஸ்டார்ட் செய்யவே இல்லியா? பழசுதான் இப்பவும் ஓடுது, கேட்டியா" என்றார். அவர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய பாறசாலைக்காரர், என்னோடு தமிழில்தான் பேசுவார்.

உடனே ரீஸ்டார்ட் செய்துவிட்டு, யார் யார் வந்துபோனார்கள் என்ற பதிவுகளைத் தோண்டினோம். ஏழு நாள் பதிவுதான் இருந்தது. அதில் தப்பாக எதுவும் இல்லை. முதல் நான்கு நாள் பதிவு தானாகவே அழிந்திருந்தது.

"அந்த நாலு நாள் தெரியாதுன்னே மையத்துல போயி சொல்லு. நானும் கூட வாறேன்" என்றார் சேச்சி.

மையத்து டாக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை. அந்த நான்கு நாட்களில் தளத்தில் எழுதியவர்களை, எங்களுக்குப் பெயர் தெரியாதபடி, ஒவ்வொருவராகப் போனில் அழைத்து விஷயத்தைச் சொன்னார். நாங்கள் எதிரில் உட்கார்ந்திருந்தோம். மூன்றாவது அழைப்பில் அந்தப் பக்கம் ஏதோ கேட்க, "இல்லை, வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது" என்று மலையாளத்தில் சொன்னார் டாக்டர். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "தெரிந்திருக்காது என்று நினைக்கிறேன்" என்று மெதுவாகத் திருத்திச் சொன்னார்.

அப்படிக் கேட்டவர் யாரென்று எனக்குத் தெரியாது. அவர் வீட்டில் நிம்மதியாக இருக்கிறாரா என்ற பயம் மட்டும் இன்றுவரை என்னை விடவில்லை.