பென்சில் சீவல்

என் கையெழுத்து கோணலானது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

ஜெர்மனியின் டுசில்டோர்ஃப் நகரில் ஒரு யப்பானிய வணிக நிறுவனத்தின் அலுவலகத்தை விடியற்காலையில் துப்புரவு செய்துவந்தேன். மேலாளர் எல்லோருக்கும் முன்பே வந்துவிடுவார். பகலில் இரும்புக் குழாய் விற்கிற மனிதர், விடியலில் நாவல் எழுதினார். அவர் நாட்டில் பலர் அவரை வாசிக்கிறார்கள் என்று அவருடைய செயலாளரான ஜெர்மன் பெண் சொன்னாள். பென்சிலால்தான் எழுதுவார். சிறு கத்தியால் சீவி, சீவலைக் குப்பைக்கூடையில் போடுவார். நான் கொட்டுவேன். எனக்குக் கூச்சம், அவரும் பேசமாட்டார். இருவருக்கும் அது வசதியாக இருந்தது.

கிளம்பும்போது மட்டும் என் வாய் பழக்கத்தில் "போட்டு வாறன்" என்று தமிழில் சொல்லிவிடும். ஒருநாள் அர்த்தம் கேட்டார். வெறுமனே போகிறேன் என்றால் திரும்பி வராமல் போய்விடுவோமோ என்று எங்கள் சனத்துக்குப் பயம், அதனால் போய்விட்டு வருகிறேன் என்று வருவதையும் சேர்த்தே சொல்வோம் என்று எனக்குத் தெரிந்த ஜெர்மனில் விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை.

பிறகு அவருக்கு நோய் கண்டது. ஊர் திரும்பும் காலையிலும் எழுதிக்கொண்டிருந்தார். கடைசி அத்தியாயம் மிச்சமாம். சாவதற்கல்ல, முடிக்காமல் சாவதற்குத்தான் பயம் என்றார். எழுந்து கதவடியில் நின்று, ஒரு பிசகும் இல்லாமல், "போட்டு வாறன்" என்றார்.

"ஓம், வாங்கோ" என்றேன்.

பனிக்காலத்தில் அவர் இறந்துவிட்டதாகச் செயலாளர் சொன்னாள். அவருடைய அறையைப் பூட்டி, தூசு துடைக்க என்னிடம் திறப்பைத் தந்தாள். துடைத்துவிட்டு, பழக்கத்தில் காலி அறைக்கும் சொல்லிவிட்டு வந்தேன். மறுநாள் கூடையில் பென்சில் சீவல் கிடந்தது. மர வாசனை புதிதாக இருந்தது. கொட்டினேன். அடுத்த நாளும் கிடந்தது.

மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் கறியைக் கிளறுவதை நிறுத்தினாள்.

"செத்தவீட்டில ஆரும் போட்டு வாறன் எண்டு சொல்லுவினமோ? நெடுகச் சொல்லி நீங்கள்தான் அந்த மனிசனைக் கூப்பிடுறியள். இனிச் சொல்லாமல் வாங்கோ."

"அவர் இன்னும் முடிக்கேல்லையப்பா."

"முடிச்சுப்போட்டு உங்களையும் கூட்டிக்கொண்டு போனாரெண்டால்?"

அடுத்த நாள் துடைத்து முடித்து, பேசாமல் கதவடிக்கு வந்தேன். முதுகுக்குப் பின்னால் தாளில் பென்சில் உரசும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது. நான் சொல்வதற்காக யாரோ காத்திருப்பது போல இருந்தது. பூட்ட எடுத்த திறப்பைக் கீழே இறக்கினேன்.

"போட்டு வாறன்" என்றேன்.

உரசல் தொடர்ந்தது.

குளிர் விட்ட ஒரு காலை கூடை வெறுமையாக இருந்தது. நாற்காலி மேசைக்கடியில் ஒழுங்காகத் தள்ளப்பட்டிருந்தது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றேன். பிறகு வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, கதவைப் பூட்டி, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினேன்.

2009 நவம்பர் 8, ஞாயிற்றுக்கிழமை.